முடிச்சுச் சாயப் பெட்டியின் தவறான வழிமுறைத் தாள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் ஒருவர்,
மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 26.05.2025

பொருள்: வீட்டில் துணிக்கு முடிச்சுச் சாயமிடும் பெட்டியில் இருந்த தவறான வழிமுறை, துணியின் தரம் பற்றிய பொய்யான குறிப்பு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

முதன்முறையாகச் செய்து பார்ப்பவர்களுக்கு ஏற்றது என்று தங்கள் இணையதளத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட முடிச்சுச் சாயப் பெட்டி ஒன்றை, கடந்த 02.05.2025 அன்று ரூ.1,299 செலுத்தி வாங்கினேன். '100 சதவீதம் பருத்தி' என்று கழுத்துப் பட்டையில் அச்சிட்ட மூன்று வெள்ளைச் சட்டைகள், ஐந்து நிறச் சாயப் பொடிகள், ரப்பர் பேண்டுகள், ஒரே ஒரு சோடி மெல்லிய கையுறை, 'நிறம் நிலைப்பான்' என்று எழுதிய வெள்ளைப் பொடிப் பொட்டலம், தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சான வழிமுறைத் தாள் ஆகியவை அதில் இருந்தன. வாங்கியதற்கான ரசீதின் நகலையும் ஒளிப்படங்களையும் இணைத்துள்ளேன்.

பதினொரு வயதான என் மகளும் விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவின் பிள்ளைகள் இருவரும் இந்தப் பெட்டி வந்து சேரும் வரை நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 10.05.2025 அன்று, சட்டையின் நடுவே விரலை வைத்துச் சுருட்டி, முறுக்கு வடிவில் மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, தாளில் உள்ளபடியே ஒவ்வொரு படியாகச் செய்தோம். நிலைப்பான் பொட்டலத்தை அரைக் கோப்பை வினிகருடன் தண்ணீரில் கலந்து அதில் சட்டைகளை ஊறவைக்கவும், பிறகு சாயம் ஊற்றி இரண்டு மணி நேரம் கழித்து அலசவும், அதன் பின் மற்ற துணிகளுடன் சேர்த்தே துவைக்கலாம் என்றும் அந்தத் தாள் கூறுகிறது. அதில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் மீறவில்லை.

முதல் அலசலிலேயே சாயத்தின் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விட்டது. சட்டைகளில் எஞ்சியது அழுக்குப் படிந்தது போன்ற வெளிறிய நிறமே. தாளை நம்பி அவற்றுடன் சேர்த்துத் துவைத்த என் கணவரின் இரண்டு வெள்ளை வேட்டிகளில் இளஞ்சிவப்புத் திட்டுகள் ஏறின. பலமுறை வெளுத்தும் அவை போகவில்லை. என் மகள், தான் முடிச்சைச் சரியாகக் கட்டாததால்தான் எல்லாம் கெட்டுவிட்டது என்று சொல்லி அன்று மாலை முழுவதும் யாருடனும் பேசவில்லை. மறுநாள் தங்கள் சேவை எண்ணை அழைத்தபோது, பேசியவரும் அதையே சொன்னார்: முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டுமாம்; பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாதாம்.

முடிச்சின் இறுக்கம், சாயம் எங்கே போகக் கூடாது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. சாயம் பட்ட இடத்தில் அது நிலைப்பதற்கும் முடிச்சுக்கும் தொடர்பில்லை. மதுரையில் வாழும் எனக்கு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கடினமாக இருக்கவில்லை. துணியை நகக்கண் அளவுக்குக் கிள்ளி எடுத்து நூலால் சுற்றி, ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கும் சுங்குடி வேலையைச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஊர் இது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்த பெரியவர் ஒருவரிடம் தங்கள் தாளைக் காட்டினேன். வினிகர் என்ற வரிக்கு வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பட்டுக்குப் புளிப்பு, பருத்திக்குக் காரம். இது தெரியாமலா சாயம் விற்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதையும் நான் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தங்கள் சாயப் பொட்டலங்களின் பின்புறத்திலேயே 'ரியாக்டிவ் டை' என்று சிறிய எழுத்தில் அச்சாகியுள்ளது. இவ்வகைச் சாயம் பருத்தி இழையோடு வேதியியல் பிணைப்பு கொண்டு ஒன்றிவிடுவதால்தான் பல சலவைகளுக்குப் பிறகும் மங்காமல் இருக்கிறது. ஆனால் அந்தப் பிணைப்பு ஏற்படக் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, வேண்டும். அதற்காகவே சோடியம் கார்பனேட், அதாவது கடைகளில் சோடா ஆஷ் அல்லது சலவை சோடா என்று கேட்டால் தரும் தூள், பயன்படுகிறது. சமையல் சோடாவின் காரம் இதற்குப் போதாது. வினிகரோ அமிலம், அது பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கான அமிலச் சாயங்களுக்கு உதவுமே தவிர, பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிப்பதைத் தடுக்கவே செய்யும். நிலைப்பான் என்று தாங்கள் தந்த பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலில் இருப்பது சோடியம் குளோரைடு மட்டுமே. அது நம் வீட்டுச் சமையல் உப்பு. தொட்டியில் முக்கிச் சாயமேற்றும்போது உப்பு சாயத்தை இழையின் பக்கம் தள்ள உதவும் என்பது உண்மை. ஆனால் உப்பு எந்தச் சாயத்தையும் பருத்தியில் நிலைக்கச் செய்யாது.

இதைச் சோதித்தும் பார்த்தேன். மீதமிருந்த அதே சாயப் பொடிகளை எடுத்துக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சோடா ஆஷ் என்ற அளவில் கரைத்தேன். கஞ்சி போகத் துவைத்த பழைய பருத்தித் தலையணை உறை ஒன்றையும், தங்கள் சட்டையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றையும் அதில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, முடிச்சிட்டுச் சாயம் ஊற்றி, ஈரம் காயாதபடி பாலித்தீன் பையில் சுற்றி ஓர் இரவு முழுவதும் வைத்திருந்தேன். மறுநாள் முதலில் குளிர்ந்த நீரிலும் பிறகு சுடுநீரிலும், தனியாக, நீர் தெளியும் வரை அலசினேன். தலையணை உறையில் நீலமும் மஞ்சளும் அடர்த்தியாக நின்றன. அவை சந்தித்த இடத்தில் நல்ல பச்சை விழுந்திருந்தது. ஆறு முறை துவைத்த பிறகும் நிறம் இறங்கவில்லை. ஆகவே தாங்கள் விற்ற சாயத்தில் குறையில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குறை, அந்தத் தாளில் இருக்கிறது.

சட்டைத் துண்டோ அப்போதும் வெளிறியே இருந்தது. அதிலிருந்து சில நூல்களைப் பிரித்து நெருப்பில் காட்டியபோது, காகிதம் போல எரிந்து சாம்பலாவதற்குப் பதிலாக, ஒரு பகுதி உருகிச் சுருண்டு கடினமான கறுப்பு மணியாக இறுகியது. இது பாலியஸ்டர் கலந்த துணி. ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டரைப் பிடிக்காது. அதற்கு வேறு வகைச் சாயமும் கடும் வெப்பமும் தேவை. அப்படியிருக்க, நூறு சதவீதம் பருத்தி என்ற குறிப்பு எந்த அடிப்படையில் அச்சிடப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பணத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஒன்று உண்டு. தாளின் முதல் பக்கத்தில், முகக்கவசமோ கையுறையோ இல்லாத ஒரு குழந்தை உலர்ந்த சாயப் பொடியைக் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கும் படம் உள்ளது. ரியாக்டிவ் சாயத்தூளைச் சுவாசிப்பது மூச்சுக்குழல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. பொடியைப் பெரியவர்கள்தாம், முகக்கவசம் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கரைக்க வேண்டும். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. இவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லை. மூன்று சட்டைகள் உள்ள பெட்டியில் ஒரு சோடி கையுறை வைத்தால் மற்ற இரண்டு பிள்ளைகளும் வெறுங்கையால்தான் செய்வார்கள்.

எனவே, பெட்டியின் விலையான ரூ.1,299-ஐயும், கறைபட்ட இரண்டு வேட்டிகளுக்கான ஈடாக ரூ.900-ஐயும் திருப்பித் தருமாறு கோருகிறேன். விற்பனையில் உள்ள பெட்டிகளில் உப்புக்குப் பதிலாகச் சோடா ஆஷ் வைத்து, வினிகர் குறித்த வரியை நீக்கி, ஊறும் நேரம், தனியாக அலசுதல், முகக்கவசம் ஆகியவற்றைச் சேர்த்துத் தாளைத் திருத்த வேண்டும். இதுவரை வாங்கியவர்களின் தொடர்பு விவரம் தங்களிடம் இருப்பதால், அவர்களுக்கும் இந்தத் திருத்தத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும். அவர்களில் பலருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சுங்குடிக்காரர் எவரும் பக்கத்தில் இல்லை.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இப்புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் உறுதிசெய்வதும் ஒரு மாதத்திற்குள் தீர்வு காண்பதும் குறைதீர்ப்பு அலுவலரின் கடமையாகும். அக்காலத்திற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். சாயமிட்ட தலையணை உறையையும் சட்டைத் துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்டால் பரிசோதனைக்கு அனுப்பத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீதின் நகல், வழிமுறைத் தாளின் நகல், சாயப் பொட்டலம், நிலைப்பான் பொட்டலம், சட்டைகள், வேட்டிகள், தலையணை உறை ஆகியவற்றின் ஒளிப்படங்கள்.