நாயாற்றுக் கரையின் எண்ணெய்க் கழிவைப் பூஞ்சைகளால் அகற்றிப் பார்க்க அனுமதி கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய ஐயா,

நாயாற்றில் எமது வள்ளங்கள் ஏறி இறங்கும் கரை மண் கறுத்துவிட்டது. மண்ணெண்ணெய் இயந்திரங்களைக் கழுவும் தண்ணீர், மாற்றி ஊற்றும் பழைய ஒயில், கலன்களின் கசிவு எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. மாரி மழை அதைக் களப்புக்குள் இழுத்துச் சென்று கண்டல் வேர்களில் படியவைக்கிறது. இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அந்த வேர்களுக்கிடையில். 2020இல் நியூ டயமண்ட் கப்பல் எரிந்தபோதும், 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் மூழ்கியபோதும் நாடே கடலைப் பார்த்தது. அன்றாடம் சொட்டும் எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை.

கடலோரச் சேற்றில் வாழும் பூஞ்சைகள் சில, எண்ணெயைச் சிதைக்க வல்லவை. அவற்றின் நுண்ணிழைகள் எண்ணெய் ஊறிய மண்ணுக்குள் ஊடுருவி நொதியங்களை வெளியே சுரக்கின்றன. கண்டல் மரக்கட்டையை உக்கவைக்கும் நொதியங்களே எண்ணெயில் உள்ள கடினமான வளைய மூலக்கூறுகளையும் தாக்குகின்றன; உடைந்த துண்டுகளைப் பக்டீரியாக்கள் உண்கின்றன. அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இனங்கள் சில இவ்வாறு செயற்படுவதை ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் பரவிய பின்னர், பாதிக்கப்பட்ட கரை மணலில் பூஞ்சைகள் மேலோங்கியிருந்ததும் கண்டறியப்பட்டது.

இது உடனடி மருந்து அன்று. காற்றும் நைதரசனும் பொசுபரசும் வேண்டும், ஆழச் சேற்றில் பலிக்காது, மாதக்கணக்காகும். பழைய ஒயிலில் உள்ள உலோகங்களைப் பூஞ்சை அழிக்காது. அஸ்பர்ஜில்லஸ் இனங்களில் நுரையீரலைத் தாக்குபவையும் உள்ளன. ஆகவே களப்பில் எதையும் கொட்ட வேண்டாம், வெளிநாட்டுப் பூஞ்சையும் வேண்டாம். கறுத்த மண்ணை அள்ளி, வெள்ளம் ஏறாத மேட்டில், சீமெந்துத் தளமிட்டு வரம்பு கட்டிய பாத்திகளில் தும்புடன் கலந்து, எமது சேற்றிலிருந்தே பிரித்தெடுத்துப் பரிசோதித்த பூஞ்சையை இட வேண்டும். பூஞ்சை இடாத பாத்தி ஒன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் பலன் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியிலுள்ள பீடங்களையும், நீரியல் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாராவையும், கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபையையும் ஒரே மேசைக்கு அழைக்கத் தங்களால் முடியும். காணியையும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியையும் பெற்றுத்தந்தால், மண் அள்ளுவதும் பாத்திகளைக் காப்பதும் எமது பொறுப்பு.

இதற்கெல்லாம் முன், பழைய ஒயிலைச் சேர்க்க இறங்குதுறையில் மூடியுள்ள பீப்பாக்களும், அவற்றை ஒழுங்காக எடுத்துச் செல்ல ஒரு வாகனமும் அவசரமாகத் தேவை. ஊற்றுவது நிற்காமல் எத்தனை பாத்தி கட்டியும் பயனில்லை.

கார்த்திகை மழைக்கு முன் நேரில் வந்து கரையைப் பார்வையிட ஒரு நாளைக் குறித்து அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நாயாற்றுக் கடற்றொழிலாளர்கள்