ஒரு எஸ்ஸா, இரண்டு எஸ்ஸா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்பு மகன் செழியனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் 'ம்' என்றதோடு நிறுத்திக்கொண்டேன். கோபம் என்று நினைக்காதே. போனில் எனக்குப் பேச்சு ஓடாது.

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிப்போடலாமா என்று கேட்டாய். இந்த வீட்டில் இந்தக் கேள்வி வருவது இரண்டாவது தடவை. 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தா (சிப்பாய்) மாமா கொடுத்தார். உன் தாத்தா கொடுக்கவில்லை. ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அன்னைக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா மாசம் பொறந்தா பிராங்க்கா எண்ணியிருக்கலாம்" என்று உன் ஆயா சாகும்வரை முனகினாள். (தாத்தா பட்டாளத்துக்கே போகாதவர். கையெழுத்து போட்டிருந்தாலும் பென்ஷன் எங்கிருந்து வரும்? அதை ஆயாவிடம் யார் சொல்வது.)

எனக்கும் பல வருஷம் தாத்தா மேல் மனத்தாங்கல்தான். எதிர்வீட்டுப் பையன்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடமான லிசேயில் படித்து பாரிசுக்குப் போனார்கள், பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஆனால் சொல்தா மாமாவை நினைத்துப் பார்க்கிறேன். ஜூலை 14 அன்று கோட்டு மாட்டி, மெடல் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலை போர் நினைவிடத்துக்குப் போவார். ஆகஸ்ட் 15க்குத் தெருமுனையில் கொடியேற்றினால் மிட்டாய்க் காசு அவருடையது. பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து நம் எம்.எல்.ஏ.வைத் திட்டுவார். நீ எந்த நாட்டுக்காரன் என்று அவரை யாரும் கேட்டதில்லை. பென்ஷன் வந்ததா, கைமாற்று கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள்.

அதனால் எழுதிப்போடு. பிரெஞ்சு மொழித் தேர்வு 2026 ஜனவரியிலிருந்து பி2 நிலை ஆகிவிட்டதாமே, அதைப் பார்த்துக்கொள். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டு வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு வந்து போகலாம், இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலமும் வாங்க முடியாது. பாகூர் காணிக்கு என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்டேன். வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாமாம். சரி, அந்தக் கவலை விட்டது.

இன்னொன்றும் சொன்னாய். விண்ணப்பத்திலேயே பேரை பிரெஞ்சுப்படி மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது, செழியன் என்று அங்கே யாருக்கும் சொல்ல வரவில்லை என்று. இந்த ஊருக்கு இது புதிதில்லை. 1881 பிரெஞ்சு அரசு ஆணைக்குப் பிறகு ரெனோன்சான் (துறந்தவர்) ஆனவர்கள் சாதி வழக்கங்களை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனார்கள், புதிதாகக் குடும்பப் பேர் வைத்துக்கொண்டார்கள். பழைய பேரோடு சேர்ந்து வந்த அவமானத்தை உதறத்தான் பலர் அப்படிச் செய்தார்கள். அவர்களை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். உனக்கு என்ன வந்தது? கூட வேலை செய்பவனுக்கு 'ழ' வரவில்லை, அவ்வளவுதானே. நம் தெருவிலேயே பாதிப் பேர் உன்னைச் 'செளியன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்காகப் பேரை மாற்றினோமா?

அப்புறம் ஒரு சங்கதி. ஆபீசில் உன்னை 'மிஸ்யே (திரு) கோவிந்தசாமி' என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாமே, மருமகள் சொல்லிச் சிரித்தாள். முப்பது வருஷம் மில்லில் என்னையே யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கோவிந்து'தான். நம் வழக்கப்படி பேரனுக்கு உன் இனிஷியல்தான் வரும், என் பேர் உன்னோடு நின்றுவிடும். அந்த ஊர் வழக்கத்தால் அது அவனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

உன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் என் பேரைப் பழைய பாண்டிச்சேரிப்படி இரண்டு எஸ் போட்டு எழுதியிருக்கிறார்கள். உன் பாஸ்போர்ட்டில் ஒரு எஸ்தான். இப்படியே அனுப்பினால் அங்கே திருப்பிவிடுவார்கள், வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு குத்தும் அப்போஸ்டில் முத்திரைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். பேரனின் சான்றிதழில் எத்தனை எஸ் என்று பார்த்துச் சொல். அதன்படியே இங்கே மாற்றச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா