செயலாளர் ஆண்டறிக்கை: போலந்துச் சிற்றூர்ப் பெயர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஆண்டுக்கு ஒரு நாட்டின் ஊர்ப்பெயர்களைப் படிப்பது என்ற சென்ற பொதுக்குழுவின் முடிவின்படி, நமது ஆய்வு வட்டம் இவ்வாண்டு போலந்துச் சிற்றூர்களை எடுத்துக்கொண்டது. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன.

கூட்டங்களில் மிகுதியாகப் பேசப்பட்டது, போலந்தின் தென்மேற்குப் பகுதியான சிலேசியாவிலுள்ள புருகாலித்ஸே என்னும் சிற்றூர். அருகிலுள்ள ஹென்ரிகுஃப் மடத்திற்கு நிலங்கள் வந்த வரலாற்றை மடத்தலைவர் பீட்டர் 1270 அளவில் லத்தீனில் எழுதியபோது, இவ்வூர்ப் பெயரின் கதையையும் சேர்த்தார். நீராலைகள் அரிதாயிருந்த அக்காலத்தில், அங்குக் குடியேறிய போகுஃவாவ் என்ற செக் நாட்டவர், மனைவி ஓயாமல் திருகையில் மாவரைப்பதைக் கண்டு மனமிரங்கி, "கொடு, நான் அரைக்கிறேன், நீ இளைப்பாறு" என்றாராம். மனைவியுடன் திருகை சுற்றிய அவருக்கு அக்கம்பக்கத்தார் 'புருகாவ்' என்று பட்டப்பெயர் வைக்க, அவர் வழியினரின் ஊர் புருகாலித்ஸே ஆயிற்று. லத்தீன் நூலுக்குள் போலிஷிலேயே பதிவான அவருடைய அந்தச் சொற்களே, போலிஷ் மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய வாக்கியமாகக் கருதப்படுகின்றன.

போலந்தின் முதல் அரச மரபான பியாஸ்ட் மரபினரின் ஆட்சியில், கோட்டைகளுக்கும் அரண்மனைக்கும் குறிப்பிட்ட பணியைச் செய்யக் கடமைப்பட்ட ஊர்கள் அப்பணியின் பெயரையே பெற்றன. ரொட்டி சுடுவோர் வாழ்ந்தது பியெகாரி. கேடயம் செய்வோர் வாழ்ந்தது ஷ்சித்னிகி. வேட்டைக்கு வல்லூறு பழக்குவோர் வாழ்ந்தது சொகோல்னிகி. போர்களையும் பட்டமேற்புகளையும் எழுதியவர்கள் பொருட்படுத்தாத இம்மக்களை ஊர்ப்பெயர்களே இன்றளவும் காத்துவருகின்றன என்பது என் உறுதியான கருத்து. காடு திருத்திக் குடியேறியவர்களுக்குச் சில ஆண்டுகள் வரி தள்ளுபடி செய்யப்பட்டதை வோலா, லிகோதா ஆகிய பெயர்கள் குறிக்கின்றன.

1945க்குப் பின் ஜெர்மனியிடமிருந்து வந்த பகுதிகளுக்குப் பெயர் சூட்ட அமைக்கப்பட்ட ஆணையம், பல்லாயிரம் பெயர்களை முடிவு செய்தது. பழைய ஸ்லாவியப் பெயர் கிடைத்த இடங்களில் அது மீட்கப்பட்டது. லெட்சன் என்ற ஊரோ, போலிஷ் மொழிக்காகப் பாடுபட்ட கிசேவியுஷ் என்ற போதகரின் நினைவாகக் கிஷித்ஸ்கோ ஆனது. தென்கிழக்கில் உக்ரைனிய வேர் கொண்ட சிற்றூர்ப் பெயர்களை 1977இல் அரசு மாற்றியதும், எதிர்ப்புக்குப் பின் 1981இல் அவற்றுள் பெரும்பாலானவை மீண்டதும் விரிவாக விவாதிக்கப்பட்டன. ஓர் ஊரின் பெயரை அங்கு வாழ்வோரைக் கேளாமல் அழிப்பது அநீதி என்பதில் உறுப்பினர்கள் ஒருமித்து நின்றனர்.

சிறுபான்மையினர் மொழிகள் குறித்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வடபோலந்தில் காஷூபிய மொழி பேசுவோர் வாழும் காஷூபியப் பகுதியில் இடம்பெற்ற இருமொழிப் பெயர்ப்பலகைகளிலிருந்து அடுத்த ஆண்டின் படிப்பைத் தொடங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்