மூக்கை நம்பி ஆளை இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்களில் மோட்டர், பம்பு திருத்துகிறவன் நான். கழிவுநீர் என்றாலே நம் ஊரில் நாற்றம், வாவி மாசு என்றுதான் முறைப்பாடு. அது சரிதான். ஆனால் அந்தக் கழிவுநீர்த் தொட்டிகளோடு மாரடிக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

சேறு அள்ள ஆளை இறக்கும் முன் பல இடங்களில் நடக்கும் ஒரே பரிசோதனை மூக்குத்தான். "நாற்றம் குறைஞ்சிட்டு, இறங்கு" என்பார் மேற்பார்வையாளர். சேற்றிலிருந்து கிளம்பும் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் கூழ்முட்டை போல நாறும். பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். 1,000 பங்கானால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். அது காற்றைவிடக் கனம், அடியில்தான் தங்கும். சேற்றைக் கிளறக் கிளற இன்னும் கிளம்பும். சிலர் கிணற்றுக்குப் பார்ப்பது போல விளக்கை இறக்கிப் பார்க்கிறார்கள். தீப்பற்றும் மெதேன் வாயு சேர்ந்திருந்தால் வெடிக்கும். ஐதரசன் சல்பைட்டையோ விளக்கு காட்டித் தராது. துணி முகக்கவசமும் வீண்.

விழுந்தவரைத் தூக்கப் போகிறவர் கதை அதைவிட மோசம். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. அண்ணன் விழுந்தால் தம்பி பாய்வான், நம்மவர்களைச் சொல்லவா வேண்டும்! இறங்குகிறவர் உடலில் பட்டியும் கயிறும் முதலே இருந்தால், மேலே நிற்பவர் இழுத்தெடுக்கலாம். அப்படியே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்கும் அழைக்கலாம். வாயு அளக்கும் மீற்றர் விலைதான். நாலு ஹோட்டல் சேர்ந்து ஒன்று வாங்கட்டுமே.

கழிவுநீரைச் சுத்திகரிக்கக் காற்றுக் குமிழி விடும் தொட்டி வேறு ரகம். நாற்றமும் பெரிதாக இல்லை, பார்த்தால் பயமும் வராது. ஆனால் குமிழி நிறைந்த நீர் ஆளைத் தாங்காது. வாவியில் நீந்தி வளர்ந்தவரும் தாழ்ந்துவிடுவார். உடனே காற்றடிக்கும் இயந்திரமான புளோவரை நிறுத்தி, மிதவை வளையத்தை எறிய வேண்டும். நான் போன ஓர் இடத்தில் வளையமே இல்லை. புளோவர் சுவிட்ச் பூட்டிய அறைக்குள், சாவி மனேஜரின் மேசையில்.

சுகாதாரப் பரிசோதகர்கள் சமையலறையைப் பார்க்க வரும்போது பின்பக்கம் ஒரு நடை வந்து இதையும் கேட்கலாம். நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைத் தொட்டியருகே பொருத்துவது எங்களுக்கு அரைநாள் வேலைதான்.

இப்படிக்கு,
மோட்டர் திருத்துநர் ஒருவர்,
கல்குடா.