பேகேஷியின் வரைபடத்தைப் பார்க்கும்முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயற்பியல் படித்தவளுக்குக் காது ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். கேயோர்க் ஃபான் பேகேஷி பார்த்த வேலைதான். புடாபெஸ்டில் 1899இல் பிறந்தவர், 1923இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சேர்ந்தது ஹங்கேரி தபால்துறையின் ஆய்வுக்கூடத்தில். டெலிபோனில் எதைத் திருத்தினால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்பது அங்கே கேள்வி. கேட்கும் காது எவ்வளவு நல்ல கருவி என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாதே!

காக்ளியா என்பது உள்காதில் ஒலியை உணரும், நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட குழல். அதைச் சுருள் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான். இறந்தவர்களின் பொட்டெலும்பை எடுத்து, உப்புநீருக்குள் முழுக்கி வைத்தபடியே துளையிட்டார். காற்றுப் பட்டு உள்ளிருக்கும் சவ்வு உலர்ந்தால் அதன் விறைப்பு மாறிவிடும், அப்புறம் அளப்பதில் அர்த்தமில்லை. எலும்புத் தூள் பார்வையை மறைக்காமல் இருக்க நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சவ்வோ கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் ஒன்றும் பிடிபடாது. அதனால் காக்ளியாவுக்குள் இருக்கும் மெல்லிய ரெய்ஸ்னர் சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப் வெளிச்சத்தில் பார்த்தார். ஒலி நொடிக்கு 200 அதிர்வு, விளக்கு நொடிக்கு 199 மின்னல் என்று வைத்துக்கொள்: நொடிக்கு ஒரே ஒரு ஆட்டமாகத் துகள் நிதானமாக அசைவது தெரியும்.

நடுக்காதிலிருந்து ஒலியைக் காக்ளியாவுக்குள் தள்ளும் அங்கவடி எலும்புப் பக்கம் (அதுதான் காக்ளியாவின் அடிப்பகுதி) கிளம்பும் அலை, சவ்வின் வழியே வளர்ந்து, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, சட்டென்று அடங்கியது. கீச்சுக் குரலுக்கு உச்சம் அடிப்பகுதியில், கனத்த குரலுக்கு நுனியருகே. காக்ளியா நெடுக ஓடி, ஒலிக்கு அசையும் பேசிலார் சவ்வு யாழ் நரம்புபோல இழுத்துக் கட்டப்பட்டிருப்பதாக, அவருக்கு முந்தைய தலைமுறை விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் நினைத்திருந்தார். பேகேஷி அதைக் கீறிப் பார்த்தார். இழுவிசை இருந்தால் கீறல் வாய் பிளந்திருக்கும், பிளக்கவில்லை. இவ்வளவு எளிமையான சோதனைக்கு ஈடு எனக்குத் தெரிந்து குறைவு.

1947இல் ஹார்வர்டு போனார். 1961இல் மருத்துவ நோபல். 1966இல் ஹவாய்; 1972இல் ஹொனலுலுவில் காலமானார்.

இனிதான் நீ கவனிக்க வேண்டியது. அவர் வரைபடத்தில் அலையின் உச்சம் அகலமானது. இவ்வளவு அகலத்தை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த சுருதிகளைக் காது எப்படிப் பிரிக்கும்? நரம்புகள் பக்கத்துச் சமிக்ஞைகளை அடக்கிக் கூர்மையாக்குகின்றன என்று அவர் விளக்கினார். கோளாறு அதற்கு முன்பே இருந்தது. அசைவு கண்ணுக்குத் தெரிய 130 டெசிபலுக்கு மேல் ஒலி கொடுக்க வேண்டியிருந்தது. காதும் செத்த காது. உயிருள்ள அணில் குரங்கில் ரோட் 1971இல் அளந்தபோது, ஒலி சன்னமாக ஆக, அந்த ஒலியின் விகிதத்துக்குச் சவ்வு கூடுதலாக அசைந்தது. காதே ஒலி எழுப்புவதை 1978இல் கெம்ப் பதிவு செய்தார். பேசிலார் சவ்வின் மேல் இருக்கும் வெளி மயிர்ச்செல்களைத் தனியே பிரித்தெடுத்தபோது, அவை மின்னழுத்தத்துக்கு நீண்டு சுருங்குவதை 1985இல் பிரவுனெல் குழு காட்டியது. சவ்வின் அசைவைக் கூட்டும் அந்த மோட்டார் உயிர் போனதும் நின்றுவிடும். ஆக, அலை சரி, அகலம் செத்த காதினுடையது.

அதனால் எந்த வரைபடத்தையும் எடுத்தவுடன் ஒலியளவையும் காதின் நிலையையும் பார். நீயே உயிருள்ள காதில் அளக்கும்போது, வட்டச் சாளரத்தில் மின்முனை வைத்து, காக்ளியாவைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் நரம்பின் வாசல் அளவை, அதாவது நரம்பு பதில் தரும் மிகச் சன்னமான ஒலியின் அளவை, எடு. திறந்தபின் வாசல் ஏறியிருந்தால் உன் கையில் இருப்பது அடிபட்ட காதின் கணக்கு. வளைகோடு எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் தனியே எடுத்து வை.

முதல் வரைபடம் வந்ததும் அனுப்பு. ஓரத்தில் டெசிபல் எழுத மறக்காதே.

அன்புடன்,
அம்மா