வீல் வைத்து ஓட்டும் ஃபைபர் படகுகளுக்கு ஹைட்ராலிக் ஸ்டியரிங்: மானியமும் தர விவரக்குறிப்பும் கோரி மனு

அனுப்புநர்:
ஃபைபர் படகு உரிமையாளர்கள், அவுட்போர்டு மோட்டார் மெக்கானிக்குகள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
தூத்துக்குடி.

பொருள்: 75 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள வெளிப்பொருத்தும் இயந்திரங்களுக்கு (அவுட்போர்டு மோட்டார்) மானியம் தரும்போது, எண்ணெய் அழுத்தத்தால் மோட்டாரைத் திருப்பும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கையும் சேர்த்து அனுமதிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கைப்பிடி பிடித்து ஓட்டும் 9.9, 25, 40 குதிரைத்திறன் மோட்டார்களுக்காக இந்த மனு இல்லை. கரைக்கு வந்ததும் அந்த மோட்டாரைக் கழற்றித் தூக்கிப் போகிறவர்களே அதிகம்; ஹைட்ராலிக் ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) மாட்டிவிட்டால் அது முடியாது. வீல் பொருத்தும் மேடையான கன்சோல் வைத்தால் வலை கிடத்தும் இடமும் போய்விடும். அவர்கள் தலையில் இதைக் கட்ட வேண்டாம்.

சிக்கல் வீல் வைத்த பெரிய மோட்டார்களில்தான். விலை குறைவு என்று கேபிள் ஸ்டியரிங் போடுகிறார்கள். கேபிளின் முனைத்தண்டு மோட்டாரின் டில்ட் குழாய்க்குள் (மோட்டாரைத் தூக்கி இறக்கும் அச்சுக் குழாய்) போய்வருகிறது. உப்புநீர் புகுந்து கிரீஸ் காய்ந்துவிட்டால், படகு பத்துப் பதினைந்து நாள் கரையில் நின்றாலே தண்டு குழாயோடு பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்து எடுத்தால் தண்டு வளையும்; வளைந்த தண்டு மறுபடி சிக்கும். சாதாரணக் கேபிளில் இன்னொரு குறை, புரொப்பெல்லர் சுழலும் இழுவை நேராக வீலுக்கு வந்துவிடுவது. கச்சான் காற்றில் அலை பக்கவாட்டில் அடிக்கும்போது கையை எடுத்தால் படகு தானாகத் திரும்பும். வலை வாங்குகிற நேரத்தில் இது ஆபத்து.

ஹைட்ராலிக்கில் வீலுக்குப் பின்னால் ஒரு பம்பு, மோட்டாரில் ஒரு சிலிண்டர், இடையில் இரண்டு ஹோஸ். பம்புக்குள் இருக்கும் தடுப்பு வால்வு எண்ணெயைத் திரும்ப விடாது. அதனால் திருப்பிய இடத்திலேயே மோட்டார் நிற்கும்.

ஆனால் ‘ஹைட்ராலிக்’ என்று மட்டும் எழுதி வாங்கினால் காசு வீண். சிலிண்டர் கொள்ளளவைப் பம்பு ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவால் வகுத்தால் மோட்டாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப வீலை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். 140 சிசி சிலிண்டருக்கு 28 சிசி பம்பு என்றால் 5 சுற்று. பம்பு சிறிதானால் வீல் லேசாக இருக்கும், ஆனால் சுற்று கூடும். அலை உடைகிற இடத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. 4 முதல் 5 சுற்று எங்களுக்குச் சரி. சிலிண்டர் எந்த மோட்டார் மாடலுக்கு என்று தயாரிப்பாளர் பட்டியலில் இருக்க வேண்டும். இரட்டை மோட்டார் என்றால் இரண்டின் குதிரைத்திறனையும் கூட்டிப் பார்த்துச் சிலிண்டரை எடுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் டை பார் தனியாக விலைப்புள்ளியில் வர வேண்டும்.

பழுதுகளில் பல பொருத்துவதில்தான் வருகின்றன. பழைய டில்ட் குழாயைக் கம்பி பிரஷ் போட்டுத் துடைக்காமலும், மெரைன் கிரீஸ் தடவாமலும் சிலிண்டரின் தாங்குதண்டை நுழைத்தால் கேபிளில் வந்த அதே வியாதி இதிலும் வரும். ஹோஸ் நீளத்தை மோட்டாரை இறக்கி வைத்து அளக்கிறார்கள். முழுக்கத் தூக்கி, இரண்டு கோடிக்கும் திருப்பி அளக்க வேண்டும்; இல்லையென்றால் கரையேற்றும்போது ஹோஸ் இழுபடும், அல்லது சிலிண்டர் பின்பலகையில் முட்டும்.

அடுத்தது காற்று. வீல் பஞ்சு போல அமுங்கி, விட்டதும் கொஞ்சம் பின்னால் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். காற்றெடுக்க இருவர் வேண்டும். பம்பின் மேல் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து மாட்டி ஒருவர் வீலைச் சுற்ற, மற்றவர் சிலிண்டரின் இரண்டு முனைகளிலும் உள்ள காற்றெடுக்கும் நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குமிழி இல்லாத எண்ணெய் வரும்வரை விட வேண்டும். ஒரு மோட்டார், ஒரு வீல் என்றால் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுவது பெரிய தவறு. ரப்பர் சீல்கள் ஊறிப்போய், சிலிண்டர் முனை வழியாகவும் வீல் தண்டு வழியாகவும் கசியும்.

வீல் ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஹைட்ராலிக் கேட்டால், முதலில் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள சிறிய துடுப்பு போன்ற டிரிம் டாபைப் பார்க்கச் சொல்லுங்கள். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அதன் பின்முனையைத் திருப்பினால் பல நேரம் ஒரு ஸ்பேனரோடு வேலை முடிந்துவிடும்.

எனவே, மோட்டாருக்கான விலைப்புள்ளியோடு ஹைட்ராலிக் ஸ்டியரிங்கையும் ஒரே செலவாக ஏற்று, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்ட விகிதப்படி, பொதுப் பிரிவினருக்கு 40, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடு மானியத்தை இதற்கும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மோட்டார் மாடல், சிலிண்டர் எண், சுற்று எண்ணிக்கை, 2 லிட்டர் எண்ணெய், ஒரு செட் சீல் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். கடலில் ஓட்டிக் காட்டி, மறுநாள் எண்ணெய் மட்டம் இறங்கவில்லை என்று துறை ஆய்வாளர் பார்த்த பிறகே விற்பனையாளருக்குப் பணம் விடுவிக்க ஆவன செய்யுமாறும் பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஃபைபர் படகு உரிமையாளர்கள் மற்றும் மோட்டார் மெக்கானிக்குகள்,
தூத்துக்குடி மாவட்டம்.

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மாதிரி விவரக்குறிப்பு.