ஸ்டீவ் ரைஷ் பூசிக்கொண்ட சாயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1936இல் நியூயார்க்கில் பிறந்தது, 2009இல் புலிட்சர் பரிசு பெற்றது எல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பத்தியில், "நாற்பது வயதில் யூதச் சாயம் பூசிக்கொண்டார்" என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதியவருக்கும் அதை அச்சேற்றிய உங்களுக்கும் அன்று என்ன அவசரமோ!

1970இல் மேளம் கற்க கானாவுக்குப் போனவர் அவர். பிறகு பாலித் தீவின் கமலான் இசையையும் படித்தார். ஊரார் இசையையெல்லாம் கற்ற யூதருக்கு நம் வீட்டு இசை எது என்ற கேள்வி வராதா? எபிரேயம் படித்தார், 1976, 77இல் நியூயார்க்கிலும் எருசலேமிலும் யூதர்களின் வேதமான தோராவை ஓதும் முறையைக் கற்றார். அந்த மெட்டுகளை வெட்டி ஒட்டவுமில்லை. சின்னச் சின்னச் சுரக்கோவைகளைக் கோத்து நீண்ட மெட்டாக்கும் வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, 1979இல் எட்டுப் பேர் வாசிக்கும் 'ஆக்டெட்' எழுதினார். அதற்கு யூதப் பெயர்கூட இல்லை. சாயம் பூசுகிறவர் இப்படியா ஒளித்துவைப்பார்?

1981இல் வந்த அவருடைய 'தெஹிலிம்' என்ற படைப்பு பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. நான்கு பெண் குரல்கள். பைபிளின் 19, 34, 18, 150ஆம் சங்கீதங்களின் சில வசனங்கள், எபிரேயத்திலேயே. எங்கள் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டும் மூன்றுமாக மாறிக்கொண்டே போகும் கைதட்டலை அவர்கள் பிடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. வசனம் போகிற போக்கில்தான் தாளமும் போகிறது. சங்கீதம் பாடியே வளர்ந்தவள் சொல்கிறேன், வசனத்தை உள்ளே வாங்காதவரால் அப்படி எழுத முடியாது.

அவருடைய 'டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்' திரைப்படப் பின்னணி இசையாம், கட்டுரை சொல்கிறது! எந்தப் படத்துக்கு, ஐயா? அது 1988இல் க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்தி இசைக்குழுவுக்காக எழுதியது. பெற்றோர் பிரிந்துவிட்டதால், 1939 முதல் 1942 வரை சிறுவன் ரைஷ் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலீசுக்கும் ரயிலில் போய்வந்தான். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதச் சிறுவனான தன்னை நாஜிகள் எந்த ரயிலில் ஏற்றியிருப்பார்கள் என்ற எண்ணத்தில் பிறந்த இசை அது. நாஜிகளின் யூதப் படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்களின் பதிவுசெய்த குரல் ஒலிக்க, அவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வயலினும் வயோலாவும் செல்லோவும் வாசிக்கும். இதுவும் சாயம்தானா?

நீங்கள் அறியாததல்ல, இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு முறை ரைஷ் பெயருக்கு மேல் இன்னொரு இசையமைப்பாளரான ஃபிலிப் கிளாஸ் படத்தைப் போட்டீர்கள். நான் எழுதிய கடிதம் "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" என்ற வரி மட்டுமாக வெளிவந்தது. திட்டியதெல்லாம் எங்கே போயிற்று? பாதிப் பக்கம் இருந்த மேற்கத்திய இசைப் பகுதியையும் ராசிபலன் விழுங்கிவிட்டது. வாசகர் விருப்பம் என்றீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரி போதும்: 'டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்' திரையிசை அல்ல, நால்வர் வாசிக்கும் தந்திக்கருவிகளுக்கும் ஒலிநாடாவுக்கும் எழுதியது, ஆண்டு 1988. இடம் இல்லையென்றால் என் ராசிக்கு இந்த முறை பலன் போட வேண்டாம். கன்னி ராசி.

ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
பாளையங்கோட்டை